கனடா பிரெய்ரியில் கழிவுத் தொட்டியைக் காலி செய்வது: ஒரு களக்குறிப்பு

போன ஜூலையில் ஒரு ஞாயிறு மதியம். சஸ்காச்சுவான் மாகாணத்தின் 15-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஊர். 25 அடி வாடகை மோட்டார்ஹோமை நிறுத்திவிட்டு, தரையில் இருந்த ஒரு இரும்பு மூடியையும், அதைச் சுற்றிய சங்கிலியையும், அதில் தொங்கிய பூட்டையும் நானும் மனைவியும் பார்த்துக்கொண்டு நின்றோம். அட்டையில் கையால் "மூடியாச்சு" என்று எழுதிக் கட்டியிருந்தார்கள். போனில் இருந்த ஆப்போ "இங்கே சானி-டம்ப் உண்டு, சுத்தம், இலவசம்" என்று நாலு நட்சத்திரம் காட்டியது. அந்த நட்சத்திரம் போட்டு மூணு வருஷம் ஆகியிருந்தது. வண்டிக்குள்ளிருந்து சின்னவன் கத்தினான்: "அப்பா, பாத்ரூம் போலாமா, கூடாதா?"

அவனுக்குச் சொல்ல அப்போது என்னிடம் பதில் இல்லை. அந்தப் பயணத்தில் பட்டதையும், வீட்டுக்கு வந்து சில வாரம் உட்கார்ந்து படித்ததையும் சேர்த்து எழுதுகிற குறிப்பு இது. மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா என்ற மூன்று பிரெய்ரி மாகாணங்களில் ஆர்.வி. எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு உதவும். கிளம்பாதவர்களுக்கும் ஒரு ஊர் தன் கழிவை என்ன செய்கிறது என்பது படிக்கச் சுவாரசியமான விஷயம்தான். எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆர்.வி. பக்கம் போகாதவர்களுக்காக முதலில் அடிப்படை. வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீர். இரண்டாவது கிரே டேங்க்: குளித்த, கை கழுவிய, பாத்திரம் கழுவிய தண்ணீர். மூன்றாவது பிளாக் டேங்க்: டாய்லெட். எங்கள் வண்டியில் பிளாக் கிட்டத்தட்ட 100 லிட்டர், கிரே 120 லிட்டர் சொச்சம். நாலு பேர் குடும்பத்துக்கு கிரே இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும், பிளாக் நாலைந்து நாள் தாங்கும். நிரம்பியதைக் காலி செய்ய அதற்கென்று கட்டிய இடம் வேண்டும். அமெரிக்காவில் டம்ப் ஸ்டேஷன் என்பார்கள், கனடாவில் சானி-டம்ப் என்றால்தான் சட்டென்று புரியும். நடுவை நோக்கிச் சரியும் ஒரு கான்கிரீட் மேடை, நடுவில் மூடி போட்ட ஒரு ஓட்டை, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான். நீலப் பலகையில் வெள்ளை டிரெய்லர் படமும் கீழ்நோக்கிய அம்பும் போட்டிருந்தால் அதுதான்.

தொட்டி நிரம்பியதா என்று காட்டும் விளக்குப் பலகையை நம்ப வேண்டாம். தொட்டிச் சுவரில் மூன்று உயரத்தில் உலோக முனைகள் வைத்திருப்பார்கள், ஈரம் பட்டால் மின்சாரம் பாயும், விளக்கு எரியும். அதில் ஒரு டாய்லெட் பேப்பர் துண்டு ஒட்டிக்கொண்டால் காலி செய்த பிறகும் மூன்றில் இரண்டு பங்கு என்றே காட்டிக்கொண்டிருக்கும். இருபது வருஷமாக சென்சார் டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அன்றைக்குப் பலகை சொன்னது நிஜம். ஐந்தாவது நாள்.

டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையான 1-ஆம் எண்ணிலேயே போயிருந்தால் இந்தக் கதை வந்திருக்காது. அதில் பெரிய டிரக் ஸ்டாப்கள், நகரங்கள், நகர்ப்புற முகாம்கள் எல்லாம் உண்டு. நாங்கள் வின்னிபெக்கிலிருந்து ரைடிங் மவுண்டன் தேசியப் பூங்காவுக்குப் போய், அங்கிருந்து மெல்வில் வந்து 15-ஐப் பிடித்தோம். காரணம் என்னுடைய ஒரு கிறுக்கு. கிராண்ட் டிரங்க் பசிபிக் என்ற ரயில் கம்பெனி 1900-களின் தொடக்கத்தில் இந்த வழியாகத் தண்டவாளம் போட்டபோது, நிலையங்களுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் பெயர் வைத்தது. ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இட்யூனா, ஜாஸ்மின், கெல்லிஹர், லெராஸ் என்று மேற்கே போகப் போக எழுத்து நகரும். வென், வாட்ரஸ், ஸீனா, யங், ஸெல்மா என்று 'இஸட்' வரை போய், மறுபடி ஆலன், பிராட்வெல், கிளாவெட் என்று 'ஏ'-யிலிருந்து தொடங்கும். நடுவில் ஒன்றிரண்டு பிசகும். ஒரு புரோகிராமருக்கு இதைவிட என்ன சுற்றுலா வேண்டும்?

எழுத்து ஒரு வேடிக்கை என்றால், ஊர்களின் இடைவெளியில் ஒரு கணக்கு இருக்கிறது. விவசாயி குதிரை வண்டியில் கோதுமையை ஏற்றிக்கொண்டு வந்து, தானியக் களஞ்சியத்தில் கொட்டிவிட்டு, அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும். அதனால் சுமார் 8 முதல் 10 மைலுக்கு ஒரு நிலையம், ஒரு எலிவேட்டர், ஒரு ஊர். லாரி வந்ததும் அந்தக் கணக்கு செத்துப்போனது. இன்று வரைபடத்தில் பெயர் இருக்கும், போய்ப் பார்த்தால் நாலு வீடு, ஒரு சர்ச். வரைபடத்தில் ஊர் இருக்கிறது என்பதால் அங்கே ஒரு வசதி இருக்கும் என்று பிரெய்ரியில் நினைக்கக் கூடாது.

பூட்டுக்கு வருகிறேன். என்ன எழுத்து என்று சொல்ல மாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் பாவம். புல்வெட்டும் டிராக்டரில் ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயசு இருக்கும். ஐஸ் ஹாக்கி ஆடும் ரிங்க்கைப் பராமரிப்பவராம். வண்டியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"ரெண்டு வருஷமா மூடியிருக்கு. யாரோ தொட்டி கழுவிட்டு துணி, டயப்பர் எல்லாம் உள்ளே தள்ளிட்டுப் போயிட்டாங்க. பம்ப் அடைச்சுக்கிச்சு. சரி பண்ணினோம். அந்தக் குளிர்காலமே தண்ணிக் குழாய் வெடிச்சுது. முன்னூறு பேர் ஊர் இது, இன்னொரு தடவை செலவு பண்ண கவுன்சில் ஒத்துக்கல."

நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எதையோ முனகினேன். அவர் கேட்டார்: "தொட்டியில என்ன மருந்து போடறீங்க?" வாடகைக் கம்பெனி கொடுத்த நீலத் திரவப் பாட்டிலைக் காட்டினேன். வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு லேபிளைப் பொறுமையாகப் படித்தார். "ஃபார்மால்டிஹைட் இல்ல. சரி. அடுத்த ஊருக்குப் போங்க. ரிங்க்குக்குப் பின்னாடி இருக்கு. பெட்டியில அஞ்சு டாலர் போடணும். ஆள் இருக்க மாட்டாங்க, ஆனா போட்டுடுங்க." கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "இனிமே ஆப்பைப் பார்க்காதீங்க. லகூன் இருக்கற ஊரா பாருங்க."

இந்தக் குறிப்பின் மொத்த விஷயமும் அந்த வாக்கியம்தான்.

லகூன் என்பது என்ன

பெரிய நகரங்களில் சாக்கடையைச் சுத்திகரிக்க இயந்திர நிலையங்கள் உண்டு. முன்னூறு பேர் ஊருக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் பிரெய்ரியில் ஒன்று ஏராளம்: நிலம். அதனால் ஊருக்கு வெளியே களிமண் கரை கட்டிய செவ்வகக் குளங்களை வெட்டி, ஊர்ச் சாக்கடை முழுவதையும் அதில் விட்டுவிடுவார்கள். இதுதான் லகூன். சுமார் ஒன்றரை மீட்டர் ஆழம். முதல் குளத்தில் கசடு அடியில் படியும், அங்கே ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியா அதைத் தின்னும். மேல் அடுக்கில் பாசி வளரும், வெயில் பட்டு ஆக்சிஜன் தரும், அந்த ஆக்சிஜனில் வேறு வகை பாக்டீரியா மீதி வேலையைச் செய்யும். அங்கிருந்து தெளிந்த நீர் இரண்டாவது குளத்துக்குப் போய் மாதக்கணக்கில் சேமிப்பில் இருக்கும்.

குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி மூடிவிடும். வெயிலும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை, வேலை ஏறக்குறைய நின்றுபோகும். அதனால் ஊர் தன் கழிவை மாதக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆல்பர்ட்டாவில் வழக்கமான வடிவமைப்பே பன்னிரண்டு மாதச் சேமிப்பு, வருஷத்துக்கு ஒரு முறை திறந்துவிடுவது. மானிட்டோபாவில் லகூன் உரிமங்களில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை, நவம்பர் 1 முதல் ஜூன் 15 வரை திறக்கக் கூடாது என்பது. பனி உருகும் வசந்தத்தில் இரண்டு வாரம் நாற்றம் தாங்காது என்று பிரெய்ரிக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இப்போது ஆர்.வி.-க்கு வருவோம். வீட்டு டாய்லெட் ஒரு முறைக்கு 6 லிட்டர் தண்ணீர் ஊற்றும். ஆர்.வி.-யில் தண்ணீரைச் சேமிக்க வேண்டும் என்பதால் நாம் ஊற்றுவது அதில் ஒரு சின்னப் பங்கு. எனவே பிளாக் டேங்க்கிலிருந்து வருவது வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு அடர்த்தி. அதில் நாற்றம் போக்க நாம் போடும் மருந்து வேறு. ஃபார்மால்டிஹைட், பிரோனோபால் மாதிரி பழைய வகை மருந்துகள் நாற்றத்தை நிறுத்துவதே பாக்டீரியாவைக் கொன்றுதான். அந்தப் பாக்டீரியா வேலையை நம்பித்தான் லகூனும் செப்டிக் டேங்க்கும் ஓடுகின்றன. பெரிய நகரத்தின் சாக்கடையில் நம்முடைய 100 லிட்டர் கரைந்துபோகும். சொந்தமாக ஒரு செப்டிக் டேங்க் மட்டும் வைத்திருக்கும் சின்ன முகாமில், நீண்ட வார இறுதியில் நாற்பது வண்டிகள் வரிசையாக வந்து கொட்டினால் என்ன ஆகும்? பெரியவர் ஏன் லேபிளைப் படித்தார் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவர் தன் ஊர்க் குளத்துக்காகப் படிக்கவில்லை, அது பூட்டியாச்சு. அடுத்த ஊர்க் குளத்துக்காகப் படித்தார்.

ஆக, கிராமப்புற பிரெய்ரியில் சானி-டம்ப் என்பது பெரும்பாலும் ஒரு ஊரின் சாக்கடைக் குழாயின் ஒரு வாய். குழாய்ச் சாக்கடையும் லகூனும் இருக்கிற ஊரில் அது இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் வைத்து லாரியில் அள்ளிப் போகிற குக்கிராமத்தில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பத்து மைலுக்கு ஒரு ஊர் என்று வரிசையாக இருக்கும்போது, எந்த ஊரில் நிற்பது என்று முடிவெடுக்க இந்த ஒரு விஷயம் போதும்.

மேலிருந்து பார்த்துத் தேடுவது

லகூனைச் செயற்கைக்கோள் படத்தில் கண்டுபிடிப்பது சுலபம். ஊருக்கு வெளியே சற்றுத் தள்ளி (ஆல்பர்ட்டாவில் வீடு, பள்ளி, மருத்துவமனைக்கு 300 மீட்டர் இடைவெளி என்று விதியே உண்டு), பொதுக் கரையோடு ஒட்டிய இரண்டு அல்லது மூன்று பெரிய செவ்வகங்கள். குழப்பக்கூடியவை இரண்டு. ஒழுங்கில்லாத வட்டமாக ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடப்பவை ஸ்லூ எனப்படும் இயற்கைக் குட்டைகள். பண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன செவ்வகம் இருந்தால் அது டக்-அவுட், மாடு குடிக்கிற தண்ணீர். இது தெரியாமல் முதல் நாள் ஒரு டக்-அவுட்டை லகூன் என்று குறித்து வைத்திருந்தேன்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சானி-டம்ப்பை அதில் இரண்டு விதமாகக் குறிக்கிறார்கள். தனி இடமாக இருந்தால் 'அமெனிட்டி = சானிட்டரி_டம்ப்_ஸ்டேஷன்'. முகாமுக்குள் இருந்தால் முகாம் என்ற புள்ளிக்கே ஒரு கூடுதல் பண்பாக 'சானிட்டரி_டம்ப்_ஸ்டேஷன் = எஸ்'. நான் முதல் முறை ஓவர்பாஸில் கேள்வி எழுதியபோது முதல் வகையை மட்டும் கேட்டேன். வரைபடம் பாலைவனம் மாதிரி வந்தது. இரண்டையும் கேட்டதும் புள்ளிகள் முளைத்தன. இரண்டாவது வகையில் 'கஸ்டமர்ஸ்' என்ற மதிப்பும் வரும், அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும் என்று பொருள். சானிடம்ப்ஸ், ஐஓவர்லேண்டர் மாதிரி தளங்களையும் பாருங்கள். ஆனால் எதிலும் முதலில் பார்க்க வேண்டியது கடைசியாக எந்தத் தேதியில் ஒருவர் உறுதி செய்தார் என்பதை. நட்சத்திரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

யாரும் சொல்லாத இன்னொரு வழி, பறவை பார்ப்பவர்கள். பிரெய்ரியில் கரையோரப் பறவைகளுக்கும் வாத்துகளுக்கும் லகூன் ஒரு சொர்க்கம். இ-பேர்டு தளத்தில் ஊர்ப் பெயரோடு 'சூவேஜ் லகூன்' என்றே பெயர் வைத்த இடங்கள் நிறைய உண்டு. வாத்துக்காகப் போடப்பட்ட புள்ளி எனக்கு ஊரின் சாக்கடை அமைப்பைச் சொல்லிவிடுகிறது. இதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம், மனைவிக்கு அவ்வளவு இல்லை.

ஒன்று முக்கியம். லகூனைக் கண்டுபிடித்ததும் நேராக அங்கே வண்டியை ஓட்டிப் போகக் கூடாது. வாசல் பூட்டியிருக்கும், உரிமம் பெற்ற கழிவு லாரிகளுக்கு மட்டும்தான் அனுமதி. லகூன் வெறும் அடையாளம், வாய் ஊருக்குள் இருக்கும். எங்கே? ஊர் முகாம், ரிங்க், பேஸ்பால் மைதானம், கண்காட்சித் திடல் இவை பெரும்பாலும் ஒரே மூலையில்தான் இருக்கும், அங்கே பாருங்கள். அடுத்தது கோ-ஆப் பெட்ரோல் பங்க். அடுத்தது ஊராட்சியின் வண்டிகள் நிற்கும் யார்டு. கேட்பதென்றால் பங்க்கில் கேளுங்கள், ஊர் அலுவலகம் வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது. அலுவலகம் என்றால் ஊரின் அலுவலகம். ஆர்.எம். எனப்படும் கிராமப்புற நகராட்சி சுற்றியுள்ள வயல்களுக்கானது, லகூன் அவர்களுடையதாக இல்லாமல் போகலாம். மைதானத்தில் யாரும் இல்லாமல் ஒரு பணப் பெட்டி மட்டும் இருந்தால், தயவுசெய்து போடுங்கள். பூட்டு விழாமல் இருப்பது அந்த ஐந்து டாலரில்தான்.

ஊரை நம்ப வேண்டாம் என்றால் பூங்காக்கள் உண்டு. ஆல்பர்ட்டாவின் டைனோசர் மாகாணப் பூங்கா, சைப்ரஸ் ஹில்ஸில் எல்க்வாட்டர், மானிட்டோபாவில் ரைடிங் மவுண்டனின் வாசகாமிங் முகாம் இவற்றில் எல்லாம் இருக்கிறது. நுழைவு அனுமதியோ கட்டணமோ கேட்பார்கள். ஞாயிறு காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை அந்தப் பக்கமே போகாதீர்கள், அறை காலி செய்யும் நேரம் மாதிரி அத்தனை வண்டியும் வரிசையில் நிற்கும். சனி சாயங்காலம் போனால் ஆளே இருக்காது.

காலமும் கணக்கில் சேர வேண்டும். மண் இரண்டு மீட்டர் ஆழம் வரை உறைகிற நாடு இது. தரைக்கு மேலே நிற்கும் தண்ணீர்க் குழாயை அக்டோபரில் காலி செய்து மூடிவிடுவார்கள், மே மாதம் விக்டோரியா தின வார இறுதியை ஒட்டித் திறப்பார்கள். இடையில் ஓட்டை திறந்திருந்தாலும் கழுவத் தண்ணீர் இருக்காது. செப்டம்பர் கடைசியில் போகிறவர்கள் போன் பண்ணிவிட்டுப் போவது நல்லது. போனில் சிக்னல் உள்ள இடத்திலிருந்து பண்ணுங்கள், நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் சிக்னல் போய்விடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையுறை. குழாயை வண்டியில் திருகி மாட்டு, மறுமுனையை ஓட்டையில் செருகு, மேலே ஒரு கல் வை. முதலில் பிளாக், அப்புறம் கிரே. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். முகாமில் நிற்கும்போது பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் வடிந்து, கெட்டியானது உள்ளேயே மேடு கட்டிவிடும், அப்புறம் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். அங்கே இருக்கும் குழாயில் குடிக்காதீர்கள், நல்ல தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பாதீர்கள். குடிநீர்க் குழாய் என்றால் தனியாகத் தள்ளி எழுதிப் போட்டிருப்பார்கள். கிளம்பும் முன் மேடையைக் கழுவிவிட்டு மூடியை மூடுங்கள்.

பள்ளத்தில் விட்டிருந்தால்

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பூட்டைப் பார்ப்பதற்கு அரை மணி முன்னால் ஒரு கிரிட் ரோட்டில் வண்டியை நிறுத்தியிருந்தேன். கிரிட் ரோடு என்பது கட்டம் கட்டமாகக் கோடு போட்ட மாதிரி ஓடும் கப்பிச் சாலை. அந்தக் காலத்தில் நில அளவையாளர்கள் போட்ட சதுரங்களின் விளிம்பு. கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள் கனோலா, ஒரு வண்டி கிடையாது. கிரே டேங்க் நிரம்பி ஷவர் தரையில் தண்ணீர் ஏறி வந்துகொண்டிருந்தது. சோப்புத் தண்ணீர்தானே, சாலையோரப் பள்ளத்தில் திறந்துவிட்டால் என்ன என்று வால்வில் கை வைத்துவிட்டேன். மனைவி இறங்கி வந்து, "என்னங்க, அங்க பாருங்க" என்றாள். ஐம்பதடி தள்ளி ஒரு ஸ்லூ. வாத்து தன் குஞ்சுகளோடு. அதற்கு அப்பால் ஒரு மாடு தலையைக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தது. கையை எடுத்துவிட்டேன். அன்றைக்கு எடுத்தது கூச்சத்தால்தான், அறிவால் இல்லை. அறிவு பிறகு வந்தது.

இந்த நிலத்தைப் பனிப்பாறைகள் செதுக்கின. அவை விட்டுப்போன குழிகளில்தான் ஸ்லூக்கள் நிற்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு வெளியேறும் வாய் கிடையாது, எந்த ஆற்றிலும் போய்ச் சேராது. தண்ணீர் ஒன்று ஆவியாகும், இல்லை நிலத்தில் இறங்கும். பள்ளத்தில் விடுவது குட்டையில் நிற்கும், குட்டையில் நிற்பது கிணற்றுப் பக்கம் நகரும். அன்று சாயங்காலம் வாட்ரஸ் பக்கத்தில் லிட்டில் மானிட்டூ ஏரியில் குளித்தோம். சாக்கடல் மாதிரி உப்பு, முயற்சியே இல்லாமல் மிதக்கலாம். சின்னவனுக்கு ஒரே கொண்டாட்டம். அந்த உப்பும் அதே காரணத்தால் வந்ததுதான். ஏரிக்கு வெளியேறும் வழி இல்லை, வந்ததெல்லாம் தங்கிவிட்டது. அரை மணி நேரம் மல்லாந்து மிதந்துகொண்டு மத்தியானம் வால்வில் வைத்த கையை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு இருக்கிற இடத்திலாவது பரவாயில்லையா? சஸ்கட்டூனுக்கு வடமேற்கே நார்த் பேட்டில்ஃபோர்டு நகரத்தில் 2001 வசந்தத்தில் நடந்ததைப் படித்தால் அப்படித் தோன்றாது. அங்கே வடக்கு சஸ்காச்சுவான் ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் இடத்துக்குச் சுமார் மூன்றரை கிலோமீட்டர் மேலே, அதே நகரத்தின் கழிவுநீர் ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. மார்ச்சில் குடிநீர் நிலையத்தின் தெளிவுத் தொட்டியைப் பராமரிப்பு முடித்துத் திரும்ப ஓட்டியபோது அது சரியாகப் படியவைக்கவில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குழாய் வழியே வீடுகளுக்குப் போனது. குளோரினுக்கு அது அசையாது. 5,800 முதல் 7,100 பேர் வரை நோயுற்றதாக மதிப்பிட்டார்கள். நீதிபதி லெயிங் தலைமையில் விசாரணை நடந்து 2002-இல் அறிக்கை வந்தது. இதற்கும் ஆர்.வி.-க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தச் சமவெளியில் ஒருவன் விடுகிற தண்ணீருக்கும் இன்னொருவன் குடிக்கிற தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் தூரம் எவ்வளவு குறைவு என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. சட்டத்திலும் இது உண்டு. மீன் வாழும் நீரில் கேடு தரும் பொருளை விடக் கூடாது என்று கனடாவின் மீன்வளச் சட்டம் 36-ஆம் பிரிவில் சொல்கிறது. மாகாணச் சட்டங்கள் தனி.

தொட்டியை நிரப்பாமல் இருப்பதும் ஒரு வழி. சஸ்காச்சுவானில் ஊருக்கு ஊர் பிராந்தியப் பூங்காக்கள் உண்டு. அங்குள்ள குழிக் கழிப்பறை நாற்றமாக இருக்கலாம், ஆனால் நம் பிளாக் டேங்க்குக்கு இரண்டு நாள் ஆயுள் கூடும். பாத்திரத்தை முகாமின் கழுவுமிடத்தில் கழுவினால் கிரேக்கு ஒரு நாள். எங்கள் வீட்டில் ரசம் வைத்த பாத்திரத்தை முதலில் பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுவது என்று சட்டம் போட்டோம். எண்ணெய் உள்ளே போகாமல் இருப்பது தொட்டிக்கும் நல்லது, சென்சாருக்கும் நல்லது.

அடுத்த ஊரில் பெரியவர் சொன்ன மாதிரியே ரிங்க்குக்குப் பின்னால் இருந்தது. சாய்ந்த மேடை, சுத்தமான மூடி, துருப்பிடித்த பணப் பெட்டி. சில்லறை ஏழு டாலர் இருந்தது, ஏழையும் போட்டேன். வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சின்னவன் மறுபடி ஜன்னலில் தலையை நீட்டினான். "இப்ப போலாம்டா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இரண்டு புள்ளிகளைத் திருத்தினேன். பூட்டியிருந்ததைப் 'பயன்பாட்டில் இல்லை' என்று மாற்றினேன். ரிங்க்குக்குப் பின்னால் இருந்தது வரைபடத்திலேயே இல்லை, அதைச் சேர்த்து, கட்டணம் உண்டு, பெட்டியில் போடவும் என்று குறிப்பு எழுதி, பார்த்த தேதியையும் போட்டேன்.